கவிழ்ந்து எழும் பயிற்சி: கயாக், கனூவில் தொடக்கம் முதல் தேர்ச்சி வரை

கயாக்கில் கால்களை முன்னால் நீட்டி அமர்ந்து, இரு முனையிலும் அலகு உள்ள துடுப்பால் இடமும் வலமும் மாறிமாறித் துழாவுவார்கள். கனூ மேலே திறந்த படகு. அதில் மண்டியிட்டோ குறுக்குப் பலகையில் அமர்ந்தோ ஒற்றை அலகுத் துடுப்பால் துழாவுவார்கள். படகு வேறானாலும் பயிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் நிலைநீர், அடுத்து காற்று வீசும் திறந்த நீர், பிறகு ஓடும் ஆறு, கடைசியில் அலையடிக்கும் கடலும் பாறை நிறைந்த ஆறும்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகலாமா என்பதற்கு இந்த அத்தியாயம் ஒரே அளவுகோலை வைக்கிறது. இப்போது பழகும் நீரில் படகு கவிழ்ந்தால், தானாகவோ கூட வருபவர் துணையோடோ சில நிமிடங்களில் மறுபடி ஏறித் துழாவ முடிய வேண்டும். முடிந்தால் அடுத்த படி. முடியாதவரை, எவ்வளவு வேகமாகப் போனாலும் அதே படிதான்.

## தண்ணீரில் இறங்குமுன்

முதல் சில மாதங்களுக்குச் சொந்தப் படகு தேவையில்லை. ஆறு பிடிக்குமா, கடல் பிடிக்குமா என்பதே அப்போது தெரியாது. பயிற்சிப் பள்ளியின் படகு போதும். மேலே உட்காரும் ‘சிட் ஆன் டாப்’ கயாக்கில் நீர் தேங்காது, கவிழ்ந்தாலும் ஏறுவது எளிது. உள்ளே கால் நுழைத்து அமரும் வகையில், 70 செ.மீ.க்கு மேல் அகலமானது தொடக்கத்துக்கு ஏற்றது. கடற்பயணக் கயாக் 5 மீட்டர் அளவு நீளமும் 55 செ.மீ. அளவு அகலமும் கொண்டது. நேராக ஓடும், மெதுவாகத் திரும்பும். ஆற்றுக் கயாக் 2.5 மீட்டர் அளவே இருக்கும். தொட்டால் திரும்பும், நேராக ஓட்டுவது பெரும்பாடு. இருவர் செல்லும் கனூ ஏறத்தாழ 5 மீட்டர்.

நீச்சல் தெரியாதவர் முதலில் நீச்சல் கற்க வேண்டும். உடுத்திய உடையோடு 50 மீட்டர் பதற்றமின்றி நீந்தத் தெரிந்தால் தொடங்கலாம். லைஃப் ஜாக்கெட் நீச்சலுக்கு மாற்று ஆகாது. வலிப்பு உள்ளவர்களும் தோள்மூட்டு முன்பு நழுவியவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும்.

கரையிலேயே சரிபார்க்க வேண்டியவை:

1. லைஃப் ஜாக்கெட். எல்லா வார்களையும் இறுக்கியபின், ஒருவர் தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அளவு பெரிது. துடுப்புப் படகுக்கான ஜாக்கெட் பெரியவர்களுக்குக் குறைந்தது 50 நியூட்டன் மிதப்பு விசை தர வேண்டும். வாடகை ஜாக்கெட்டுகளில் பல ஆண்டு வெயிலில் நுரை நைந்திருக்கும். மார்பளவு நீரில் கால்களைத் தூக்கி மிதந்து பார்த்த பிறகே அதை நம்பலாம்.
2. துடுப்பு. கயாக்குக்கு 210 முதல் 230 செ.மீ. வரை. படகு அகலமாக இருந்தால் நீளமான துடுப்பு. கனூத் துடுப்பை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் கைப்பிடி தாடைக்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும்.
3. பிடி. கயாக் துடுப்பைத் தலைமேல் வைத்து, இரு முழங்கையும் செங்கோணமாக மடங்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். அலகின் குழிந்த பக்கம் உடலை நோக்கி இருக்க வேண்டும். முதல் நாளில் பாதிப் பேர் இதைத் திருப்பித்தான் பிடிக்கிறார்கள்.
4. கால்தாங்கி. பாதம் தாங்கியில் அழுந்தி, முழங்கால் சற்றே மடங்கி, தொடை மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும். கால் நீட்டி விறைத்திருந்தால் படகு கட்டுப்படாது.
5. வெயிலும் நீரும். முழுக்கைச் சட்டை, நாடா கட்டிய தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். கால் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். புண்ணை நீர்புகாத கட்டால் மூடுவதைவிட, ஆறும் வரை இறங்காமல் இருப்பது நல்லது.

## முதல் படி: கவிழ்தலும் வெளியேறலும்

துழாவக் கற்பதற்கு முன் கவிழக் கற்க வேண்டும். பல பயிற்சி இடங்களில் இது கடைசியில் வைக்கப்படுகிறது, அல்லது விடப்படுகிறது. அது தவறான வரிசை. தலைகீழாகப் போனால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கும்வரை உடல் விறைத்திருக்கும். விறைத்த உடலோடு எந்தத் துழாவலும் சரியாக வராது. வேண்டுமென்றே நாலைந்து முறை கவிழ்ந்தவர் மறுநாள் துழாவும்போது இடுப்பு தளர்ந்து படகோடு அசைவதைக் கண்ணாலேயே காணலாம்.

இடம்: அடியில் கல்லோ கம்போ இல்லாத, மார்பளவு ஆழமுள்ள தெளிந்த நீர். பக்கத்தில் ஒருவர் நீரில் நிற்க வேண்டும். முதல் இரண்டு முறை ஸ்பிரே ஸ்கர்ட் இல்லாமல், பிறகு அதை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். இடுப்பைச் சுற்றி அணிந்து, காக்பிட் எனப்படும் அமரும் துளையின் விளிம்பில் மாட்டி, உள்ளே நீர் புகாமல் தடுக்கும் பாவாடைதான் இந்த ஸ்கர்ட்.

1. ஸ்கர்ட்டின் முன்பக்க இழுப்பு வளையம் வெளியே தெரிகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வளையம் உள்ளே மாட்டிக்கொண்ட நிலையில் யாரும் கரையை விட்டு நகரக் கூடாது.
2. மூச்சை இழுத்து, துடுப்பைப் படகுக்கு இணையாகப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கவிழ வேண்டும்.
3. நீருக்குள் போனதும் முன்னால் குனிந்து, முகத்தை மேல்தளத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். அடியில் பாறை இருந்தால் முகத்தையும் கழுத்தையும் காப்பது இந்தக் குனிவுதான்.
4. படகின் அடிப்பாகத்தை இரு கையாலும் மூன்று முறை தட்ட வேண்டும். கரையிலிருப்பவருக்கு அது அடையாளம், தட்டுபவருக்கு நிதானம்.
5. வளையத்தைப் பிடித்து முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகு இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் ஸ்கர்ட் சில சமயம் கழலாது.
6. இரு கையையும் இடுப்பருகே விளிம்பில் ஊன்றி, கால்சட்டையைக் கழற்றுவது போலப் படகை உடலிலிருந்து தள்ள வேண்டும். கால்கள் தளர்ந்து நேராக இருந்தால் தானே வழுக்கி வந்துவிடும்.
7. மேலே வந்ததும் ஒரு கையில் படகு, மறு கையில் துடுப்பு. இரண்டில் ஒன்றையும் விடக் கூடாது.

வழக்கமான பிழைகள். பின்னால் சாய்ந்து வெளிவர முயல்வது முதல் பிழை. அப்போது தொடை மேல்தளத்தில் சிக்கும், முகம் அடியைப் பார்க்கும். இரண்டாவது, வெளியேறுமுன் கால்களை உதைப்பது. மூன்றாவது, மூச்சுக்காகப் படகைக் கைவிட்டு நீந்தத் தொடங்குவது. காற்றில் ஆளில்லாப் படகு நீந்துபவரைவிட வேகமாக ஓடும்.

சிட் ஆன் டாப் கயாக்கில் ஏற மூன்று அசைவு போதும். படகை நிமிர்த்தி, கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, வயிறு இருக்கைக்குக் குறுக்கே வரும்படி வழுக்கி ஏற வேண்டும். பிறகு புரண்டு உட்கார வேண்டும். அதன் பின்னரே கால்களை உள்ளே எடுக்க வேண்டும். கை வலிமையால் எக்கி ஏற முயல்பவர் மூன்றாவது முயற்சியில் களைத்துவிடுவார். கால் உதைப்புதான் ஏற்றுகிறது.

கனூ கவிழ்ந்தால் ஆள் தானே வெளியே விழுந்துவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான்: நீர் நிறைந்த கனூ மிகவும் கனக்கும். கரை அருகே இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே நீந்தித் தள்ளிக் கரை சேர்ப்பதே நல்லது.

## இரண்டாம் படி: துழாவும் முறைகள்

### முன்னோக்கித் துழாவல்

1. மார்பைத் திருப்பி, அலகைப் பாதத்தின் நேரே, படகுக்கு ஒட்டி நீரில் இறக்க வேண்டும்.
2. அலகு முழுதும் மூழ்கிய பிறகே இழுப்பு தொடங்க வேண்டும். பாதி மூழ்கிய அலகு சத்தம் எழுப்பும், படகைத் தள்ளாது.
3. கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி இழுக்க வேண்டும். அதே பக்கத்துப் பாதம் தாங்கியை அழுத்த வேண்டும்.
4. அலகு இடுப்பைத் தொடும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுப்பது படகைத் திருப்புமே தவிர முன்னே தள்ளாது.

உடல் திரும்புகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. லைஃப் ஜாக்கெட்டின் ஜிப் ஒவ்வொரு துழாவலுக்கும் இடமும் வலமும் திரும்ப வேண்டும். ஜிப் நேராகவே இருந்தால் உழைப்பு முழுவதும் கையில்தான் விழுகிறது. அப்படிப்பட்டவருக்கு அரைமணியில் முன்கை கடுக்கும், மாலையில் மணிக்கட்டு வீங்கும். துடுப்பை இறுகப் பிடிப்பதும் இதே வலியைத் தரும். தள்ளும் கையின் விரல்கள் தளர்ந்து விரிந்திருக்க வேண்டும்.

குறிப்பு: படகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அலகைப் பார்க்காமல் தொலைவிலுள்ள ஒரு மரத்தைப் பார்த்துத் துழாவ வேண்டும். திரும்பத் தொடங்கிய கணத்திலேயே சிறு திருத்தம் செய்ய அது பழக்கும்.

### திருப்பல், நிறுத்தல், பக்கவாட்டில் நகர்தல்

படகைத் திருப்ப ஸ்வீப்: பாதம் அருகிலிருந்து பின்முனை வரை, நீர்மட்டத்தை ஒட்டி அலகு அரைவட்டம் போட வேண்டும். கண் அலகைப் பின்தொடர்ந்தால் உடலும் சேர்ந்து திரும்பும். நிறுத்துவதற்கு இரு பக்கமும் மாறிமாறிச் சிறு பின்னிழுப்பு. முழு வேகத்திலிருந்து நான்கு இழுப்பில் படகு நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகர டிரா: அலகைக் கையெட்டும் தொலைவில் இறக்கிப் படகை அதனிடம் இழுக்க வேண்டும். அலகு படகைத் தொடுமுன் வெளியே எடுக்காவிட்டால் துடுப்பு அடியில் மாட்டிக் கவிழ்த்துவிடும்.

இவற்றோடு சேர்த்துப் பழக வேண்டியது, உடலை நிமிர்த்தி வைத்தே முழங்காலால் படகை ஒரு விளிம்பில் சாய்ப்பது. நீண்ட கயாக் வலது விளிம்பில் சாய்ந்தால் இடப்பக்கம் எளிதாகத் திரும்பும். இந்தச் சாய்ப்பு கைவராதவர் ஓடும் நீரில் ஒரு திருப்பத்தைக்கூடத் தாண்ட மாட்டார்.

### பிரேஸ்: கவிழாமல் ஊன்றல்

லோ பிரேஸில் முழங்கைகள் துடுப்பின் தண்டுக்கு மேலே இருக்க, அலகின் புற முதுகால் நீரை அறைந்து, அதே கணத்தில் இடுப்பால் படகை நிமிர்த்த வேண்டும். தலை கடைசியாக நிமிர வேண்டும். ஹை பிரேஸில் முழங்கைகள் தண்டுக்குக் கீழே இருக்கும், நீரை ஊன்றுவது அலகின் உட்பக்கம்.

எச்சரிக்கை: ஹை பிரேஸில் கைகள் தலைக்கு மேலே போகக் கூடாது. முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்க வேண்டும். கயாக்கில் தோள்மூட்டு நழுவும் காயங்கள் பெரும்பாலும் நீட்டிய கையோடு ஹை பிரேஸ் போடும்போதுதான் நேர்கின்றன. லோ பிரேஸ் போதும் இடத்தில் ஹை பிரேஸுக்குப் போக வேண்டாம்.

### கனூவுக்குரிய ஜே துழாவல்

கனூவில் ஒரு பக்கமே துழாவினால் படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே போகும். இதைத் திருத்துவது பின்னால் அமர்ந்தவரின் வேலை. இழுப்பு இடுப்பருகே முடியும்போது, மேற்கையின் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். அப்போது நீரை இழுத்த அதே அலகுப் பக்கம் படகிலிருந்து வெளிப்புறமாகத் திரும்பும். அதைக்கொண்டு வெளியே ஒரு சிறு தள்ளு. அலகு போன பாதை ‘ஜே’ எழுத்தாகத் தெரியும். கட்டைவிரலை மேல்நோக்கித் திருப்புவது தொடக்கநிலையினரின் பொதுப் பிழை. அப்போதும் படகு திருந்தும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேகம் அறுந்துபோகும். பழக்கம் ஊறிய பிறகு மாற்றுவது கடினம் என்பதால் முதல் வாரமே கட்டைவிரலைக் கவனிக்க வேண்டும்.

இருவர் கனூவில் முன்னவர் தாளத்தை வைக்கிறார், பின்னவர் திசையை வைக்கிறார். கனமானவர் பின்னால் அமர வேண்டும். தனியாகச் செல்பவர் பின்னிருக்கையில் அமர்ந்தால் முன்முனை எழும்பிக் காற்றில் அலைக்கழியும். நடுப்பகுதியை ஒட்டி மண்டியிடுவது சரி. அலை எழுந்தால் இருவருமே மண்டியிட வேண்டும், எழுந்து நிற்கக் கூடாது.

## மூன்றாம் படி: ஆழ்நீரில் மீட்பு

கால் எட்டாத நீரில், இருவர் சேர்ந்து, கவிழ்ந்த கயாக்கில் ஆளை மீண்டும் ஏற்றும் முறை:

1. மீட்பவர் கவிழ்ந்த படகின் முன்முனைக்கு வந்து அதைப் பிடிக்க வேண்டும். நீரிலிருப்பவர் பின்முனைக்குப் போய் அதைக் கீழே அழுத்த வேண்டும்.
2. முன்முனையைத் தன் மேல்தளத்தின் குறுக்கே இழுத்துப் போட்டால், இரு படகும் ‘டி’ வடிவில் நிற்கும். உள்ளிருக்கும் நீர் வடியும்.
3. நீர் வடிந்ததும் படகை நிமிர்த்தி நீரில் இறக்கி, இரு படகையும் ஒன்றின் முன்முனை மற்றதன் பின்முனையைப் பார்க்கும்படி ஒட்டி நிறுத்த வேண்டும்.
4. மீட்பவர் காலிப் படகின் மேல் உடலைச் சாய்த்து, காக்பிட் விளிம்பை இரு கையாலும் இறுகப் பிடிக்க வேண்டும். இப்படிச் சாய்ந்து பிடிக்கும்போது இரு படகும் ஒன்றையொன்று தாங்கும்.
5. நீரிலிருப்பவர் பின்தளத்தில் குப்புற ஏறி, கால்களைக் காக்பிட்டுக்குள் நுழைத்து, மீட்பவரின் பக்கமாகவே புரண்டு அமர வேண்டும்.
6. ஸ்கர்ட்டை மாட்டி, எஞ்சிய நீரை இறைத்து, துடுப்பைக் கையில் வாங்கி, நிதானம் வந்தபின்னரே மீட்பவர் பிடியை விட வேண்டும்.

மூன்று நிமிடத்துக்குள் முடிக்க இருவருக்கும் கைவந்தால் இந்தப் படி தேறியது எனலாம். மீட்பவராகவும் மீட்கப்படுபவராகவும் இரண்டு இடத்திலும் பழக வேண்டும். களைப்பாக இருக்கும்போது, பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருமுறை செய்து பார்ப்பது உண்மையான நிலைக்கு நெருக்கமானது.

தனியே ஏற, துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பை மாட்டி அதையே ஊன்றுகோலாகப் படகுக்குக் குறுக்கே வைக்கும் முறை உண்டு. அதைப் பழகலாம். அதை நம்பித் தனியே கடலுக்குப் போகக் கூடாது. திறந்த நீரில் மூன்று படகுக்குக் குறைவாகச் செல்லாதிருப்பது நெடுநாளாகக் கடைப்பிடிக்கப்படும் விதி.

## நான்காம் படி: காற்றும் ஓதமும்

ஏரியிலும் கழிமுகத்திலும் நன்றாகத் துழாவுபவரைக் கடற்கரை ஏமாற்றும் இடம் காற்றுதான். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோர நீர் கண்ணாடியாகத் தெரியும். படகு சிரமமின்றி வெளியே போகும். ஒரு கிலோமீட்டர் தாண்டியபின் அலை எழும், திரும்புவது எதிர்காற்றில். தமிழகத்தின் கிழக்குக் கரையில் கோடை முதல் தென்மேற்குப் பருவக்காலம் முடியும்வரை காலையில் மேற்கிலிருந்து கரைக்காற்று வீசுவதும், நண்பகல் வாக்கில் கடற்காற்று திரும்புவதும் வழக்கம். கடற்காற்று வந்துவிடும் என்ற நம்பிக்கையில் காலைக் கரைக்காற்றில் வெளியே போகக் கூடாது. அது வராத நாளும் உண்டு.

காற்றின் அளவை நீர்ப்பரப்பே சொல்லும். ஆங்காங்கே அலைத்தலை வெள்ளையாக உடைந்தால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. வேகம். இந்நிலையில் புதியவர்கள் கரையிலேயே இருக்க வேண்டும். எங்கு பார்த்தாலும் வெள்ளையாக இருந்தால் 20 கி.மீ.க்கு மேல். அது தேர்ந்தவர்களுக்கும் கடும் உழைப்பு. பயணக் கயாக்கின் வேகம் அமைதியான நீரில் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. எதிர்காற்று அதில் பாதியை எளிதில் தின்றுவிடும். ஆகவே போவது எதிர்காற்றில், திரும்புவது பின்காற்றில் அமையும்படி திட்டமிட வேண்டும்.

ஓதம் ஏறவோ வற்றவோ ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1, பிறகு 2, 3, 3, 2, 1 என்று நீர் நகரும். நடு இரண்டு மணியில் பாதி நீர் ஓடுகிறது. முகத்துவாரத்தில் அந்நேரம் இழுப்பு மிகக் கடுமை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது மேலும் கூடும். வற்றும் நீர் வெளியே பாய, கடலலை எதிரே வந்து மோதும் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் உள்நீரில் பழகுபவர்கள் முகத்துவாரத்திலிருந்து விலகியே இருக்க வேண்டும். பிச்சாவரத்தின் அலையாத்திக் கால்வாய்களில் ஆபத்து வேறு: எல்லாத் திருப்பமும் ஒன்றாகவே தெரியும், நீர் வற்றினால் படகு சேற்றில் அமரும். உள்ளூர்ப் படகோட்டி இல்லாமல் அங்கே நுழைய வேண்டாம். எந்த நீர்நிலையிலும் அனுமதி பெறுவது முதல் வேலை.

இராமேசுவரத்தின் அமைப்பு பயிற்சிக்கு மிக வாய்ப்பானது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கே பாக் விரிகுடாப் பக்கமும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். பாம்பன் கால்வாயின் நீரோட்டம் வலுவானது, பயில்பவர்களுக்கானதன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அனுமதியின்றிக் கரையேறக் கூடாது.

மீனவர்களிடம் கேட்காமல் எந்தக் கடற்கரையிலிருந்தும் படகு தள்ள வேண்டாம். அன்றைய காற்று மாலையில் எப்படித் திரும்பும், வலை எங்கே கிடக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். வலையில் துடுப்பு சிக்கினால் கவிழ்வது மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் பிழைப்பும் கிழிகிறது.

## ஐந்தாம் படி: ஓடும் ஆறு

உலகளவில் ஆற்று நீரை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்றாம் தரம் சிற்றலை. இரண்டில் வழி தெளிவாகத் தெரியும். மூன்றில் அலை ஒழுங்கற்றது, துல்லியமான திருப்பம் வேண்டும். நான்கு கடும் நீர், தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஐந்தில் பிழை உயிராபத்து. ஆறு ஓட்டவியலாதது என்றே கொள்ளப்படுகிறது. பயில்பவர் ஒன்றிலும் இரண்டிலும் ஒரு முழுப் பருவத்தைக் கழிக்க வேண்டும்.

பாறைக்குப் பின்னால் நீர் தேங்கி, எதிர்த்திசையில் மெல்லத் திரும்பும் இடத்துக்கு எடி என்று பெயர். ஆற்றில் அதுவே தங்குமிடம். பாயும் நீருக்கும் எடிக்கும் இடையிலுள்ள கோடுதான் ஆளைக் கவிழ்க்கிறது. எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும் வரிசை இது:

1. எடிக்குள் பாறையை ஒட்டி நின்று, முன்முனை நீர் வரும் பக்கத்தைச் சாய்வாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.
2. மூன்று, நான்கு அழுத்தமான துழாவலில் வேகம் பெற்று, கோட்டை ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வெட்ட வேண்டும். மெதுவாகக் கடப்பவர் கோட்டிலேயே சுழல்வார்.
3. முன்முனை ஓட்டத்தைத் தொட்டதும், நீர் வரும் பக்க விளிம்பை முழங்காலால் உயர்த்த வேண்டும்.
4. நீர் போகும் பக்கம் லோ பிரேஸ் ஊன்றி, படகு முழுதும் திரும்பும்வரை சாய்ப்பைத் தளர்த்தக் கூடாது.

நீர் வரும் பக்கம் சாய்ந்தால், அந்த விளிம்பை ஓட்டம் பிடித்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் கவிழ்த்துவிடும். இதற்கு விலக்கே இல்லை. பாறையில் படகு பக்கவாட்டில் மோதும்போதும் இதே விதி: விலகிச் சாயத் தோன்றும், ஆனால் பாறையைக் கட்டிக்கொள்ளும்படி அதன் பக்கமே சாய வேண்டும்.

ஓட்டத்தைக் குறுக்கே கடக்க, முன்முனையை நீர் வரும் திசைக்கு 20 முதல் 30 பாகை சாய்த்து வைத்துத் துழாவினால் படகு கீழே இழுபடாமல் மறுகரை சேரும். கோணம் அதிகமானால் ஓட்டம் படகைத் திருப்பிவிடும்.

### ஆற்றின் ஆபத்துகள்

- கால் சிக்குதல். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் நிற்கக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உடலை மடக்கி முகத்தை மூழ்கடிக்கும். நீந்த நேர்ந்தால் மல்லாந்து, பாதங்கள் முன்னே நீர்மட்டத்தில் தெரியும்படி மிதந்து, அமைதியான இடம் வந்ததும் குப்புறத் திரும்பிக் கரைக்கு நீந்த வேண்டும்.
- விழுந்த மரங்கள். கிளைகள் வழியே நீர் போகும், ஆள் போக முடியாது. தவிர்க்க முடியாவிட்டால் மட்டும், தலை முன்னே வர வேகமாக நீந்தி, கிளையின் மேல் எக்கி ஏற வேண்டும்.
- தடுப்பணைகள். தமிழக ஆறுகளில் மிக அஞ்ச வேண்டியது இதுவே. மேலிருந்து பார்த்தால் நேர்கோடாக மட்டும் தெரியும். அடியில் விழுந்த நீர் அணையை நோக்கியே திரும்பிச் சுழன்று, ஆளையும் படகையும் விடாமல் வைத்திருக்கும். அணைக்கு வெகு முன்பே கரையேறிப் படகைத் தூக்கிச் சுமந்து கடக்க வேண்டும்.
- மணல் அள்ளிய பள்ளங்களும் முதலைகளும். ஆழமற்றதாகத் தோன்றும் படுகையில் திடீர்ப் பள்ளம் இருக்கும். அமராவதி நீர்த்தேக்கத்திலும் கொள்ளிடத்தின் சில பகுதிகளிலும் முதலைகள் உள்ளன. அங்கே பயிற்சி வேண்டாம்.
- அணை திறப்பு. மழையே இல்லாத நாளிலும் நீர் ஏறலாம். நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலையே நிறுத்திவிடுகிறார்கள். ஆற்றில் இறங்குமுன், மேலே உள்ள அணையின் திறப்பை விசாரிப்பது கட்டாயம்.

நுரைத்துப் பாயும் ஆற்றுநீரில், அதாவது வெண்ணீரில், பயில விரும்புபவர்களுக்கு மூன்று இடங்கள் உண்டு. மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் பெருகி ஓடும். மலபார் ஆற்றுத் திருவிழாவின் கயாக் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன. இலங்கையில் களனி ஆற்றின் கித்துல்கல. வடக்கே கங்கையில் ரிஷிகேசம். அங்கே நீர் பனியுருகி வருவது, குளிர்காக்கும் உடை வேண்டும். ஹெல்மெட் எல்லா இடத்திலும் கட்டாயம்.

## ஆறாம் படி: ரோல்

படகை விட்டு வெளியேறாமலே நிமிர்வது ரோல். பலர் இதைத் துடுப்பின் வேலை என்று எண்ணுகிறார்கள். நிமிர்த்துவது இடுப்பு. துடுப்பு ஒரு கணம் ஊன்ற இடம் தருகிறது, அவ்வளவே.

1. நீச்சல் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, படகைக் கவிழ்த்து, இடுப்பையும் முழங்காலையும் வெட்டி நிமிர்த்திப் பழக வேண்டும். கையில் எடை ஏறாமல் வரும்வரை இதையே செய்ய வேண்டும்.
2. தலைகீழாக இருக்கும்போது முன்னால் குனிந்து, துடுப்பைப் படகுக்கு இணையாக நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும்.
3. முன்னலகை நீர்மட்டத்தில் அரைவட்டமாக வெளியே வீச, உடலும் அதனோடு திரும்ப வேண்டும்.
4. அலகு பக்கவாட்டுக்கு வரும்போது இடுப்பை வெட்ட வேண்டும். முதலில் படகு, அடுத்து உடல், கடைசியாகத் தலை.

ரோல் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் தலை முதலில் எழுவது. மூச்சு வேண்டும் என்ற தவிப்பில் தலை தூக்கினால், இடுப்பு எதிர்ப்பக்கம் இழுத்துப் படகைத் திரும்பக் கவிழ்க்கும். எழும்போது நீரிலுள்ள அலகையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை தாழ்ந்தே இருக்கும். மூக்குக் கிளிப் இருந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். குளத்தில் பத்துக்குப் பத்து வந்தாலும் ஓடும் நீரில் மீண்டும் தொடக்கத்திலிருந்துதான். இரு பக்கமும் பழக வேண்டும்.

## ஏழாம் படி: குழுவை நடத்துதல்

கடினமான நீரில் தப்பிவருபவரைத் தேர்ந்தவர் என்று சொல்வது போதாது. கூட வரும் பலவீனமானவரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பவரே தேர்ந்தவர். அவர் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறுள்ள வீசுபையையும், கயிறு சிக்கினால் அறுக்கக் கத்தியையும், கடலில் இழுவைக் கயிற்றையும் எப்போதும் வைத்திருக்க வேண்டும். வீசுபையை இரு கையாலும் குறிதவறாமல் வீசப் பழகியிருக்க வேண்டும். கயிற்றை ஒருபோதும் தன் உடலில் கட்டிக்கொள்ளக் கூடாது.

குழு முழுவதற்கும் சைகைகள் ஒன்றாக இருக்க வேண்டும். துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் ‘வா’. கிடைமட்டமாகத் தலைக்கு மேல் பிடித்தால் ‘நில்’. விசில் மூன்று முறை என்றால் ஆபத்து.

அலையடிக்கும் கரையில் இறங்க, ஓர் அலை கடந்துபோனதும் அதன் முதுகைத் தொடர்ந்து துழாவி வர வேண்டும். படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் உடையும் அலையின் பக்கமே சாய்ந்து ஊன்ற வேண்டும். நீரில் இறங்கிய பின் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கக் கூடாது. நீர் நிறைந்த படகை அடுத்த அலை தூக்கி எறிந்தால் முழங்கால் முறியும்.

கடலுக்குப் புறப்படுமுன் கரையிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை: ஆட்களின் எண்ணிக்கை, படகுகளின் நிறம், போகும் வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தகவல் தர வேண்டும் என்பது. கைப்பேசி நீர்புகாத உறைக்குள், படகில் அல்லாமல் உடலில் இருக்க வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. விஎச்எஃப் வானொலி வைத்திருப்பவர்களுக்கு உலகெங்கும் அபாய அழைப்பு அலைவரிசை 16.